எந்தச் சிவப்பு

உடன்பிறந்த தம்பியைக் கடைசியாக ஒருமுறை கண்ணால் பார்ப்பதற்கு விலை ஆறு வெள்ளி. எட்டில் ஆரம்பித்தது. நான்தான் பேசி ஆறுக்கு இறக்கினேன்.

எனக்கும் அந்தப் பேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மூட்டை ஜாதிக்காய் வாங்கிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குத் திரும்புவதற்காக, பினாங்குத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் சந்தை ஓரம் வேலுவின் வாடகைக் காரில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் காது கேட்கும் தூரத்தில் ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் அப்படியே கொடுத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. சூலியா தெருவில் எங்கள் பலசரக்குக் கடையில் வளர்ந்த பிள்ளைகள் 'அத்தா' என்று சொல்வதற்கு முன்னால் 'கட்டுப்படியாகாது' என்று சொல்லப் பழகியவர்கள்.

“எட்டு வெள்ளிக்குக் கொறஞ்சா எண்ணெய்க் காசுக்கே காணாது, தங்கச்சி,” என்று வேலு சொல்லிக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட ஆறுதாண்ணே இருக்கு. முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன், பாருங்க.”

“முடிச்ச மொதல்லயே காட்டாதே, புள்ள,” என்று நான் தலையை வெளியே நீட்டினேன். “விலை படியற வரைக்கும் கையில காசே இல்லாத மாதிரி நிக்கணும். டேய் வேலு, எப்படியும் நீ என்னை ஏத்திக்கிட்டு டவுனுக்குத்தானே போறே? காலியா கெடக்கற எடத்துக்கு எட்டா?”

“நீங்க ஒரு வெள்ளியக் கொடுத்துட்டு ரெண்டு மூட்டையும் ஏத்திட்டீங்க, ராவுத்தரே. நீங்க பேசக்கூடாது லா.”

“ஆறு. அதுவும் சும்மா இல்ல. கப்பல் போறதுக்குள்ள அவ தம்பிய அவ கண்ணால பாத்தா ஆறு. பாக்கலேன்னா ஒரு காசும் கெடையாது.”

வேலு சிரித்தான். “கப்பல் ரெண்டு மணிக்கு. இப்ப மணி பத்துகூட ஆகல. இதுல என்ன பந்தயம்? சரி, ஏறு தங்கச்சி.”

அவள் பெயர் புஷ்பவள்ளி. அங்கே ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் கூலி. ரப்பர் விலை தரையைத் தொட்டுவிட்டு அதற்குக் கீழே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வருஷம் அது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன; குறைத்த ஆளைக் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்கு அனுப்பின. அக்கரையில் கெடாவில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி அய்யாக்கண்ணுவும் அப்படிப் போகிறான் என்று காலையில்தான் மீன்காரர் வந்து சொல்லியிருக்கிறார். பஸ் அதற்கு முன்பே போய்விட்டது. ஆட்களை மத்தியானம் துறையில் வரிசையாக உட்கார வைப்பார்களாம். அப்போது கிட்டே போய்ப் பேசலாம்.

“எப்பப் பாத்தே கடைசியா?” என்று கேட்டேன்.

“வந்தன்னைக்கு. ஒரே கப்பல்லதான் வந்தோம். எறங்கினதும் என்னை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவன் சித்தப்பா கூடக் கெடாவுக்குப் போயிட்டான். ஒம்பது வயசு அப்ப. இப்ப மீசை வந்திருக்கும்.”

“அடையாளம் தெரியுமா?”

“எடது கை சுட்டுவெரல்ல நகம் இருக்காது. அம்மிக்கல்லு விழுந்தது. கையப் புடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

கெடாவுக்கும் பினாங்குக்கும் நடுவே படகு எந்நேரமும் போய்வருகிறது. ஆனால் கூலிக்காரிக்கு லீவும் படகுக் காசும் ஒரே நாளில் அமைவதில்லை. பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் போயிருக்கிறது.

வேலுவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பிறவி டிரைவர் அல்ல. மாட்டு வண்டி ஓட்டினவன். மாடு இரண்டையும் மனைவி நல்லம்மாளின் சங்கிலியையும் விற்று, ஒரு தோட்டத் துரை கழித்துப் போட்ட காரை வாங்கினான். வாங்கிய இரண்டாம் மாதமே தண்ணீர் வற்றி எஞ்சின் வெந்து, அதைச் சரிசெய்ய நல்லம்மாளின் தோடும் போயிற்று. அப்போது பட்டறைக்காரன் அவனுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தான். காரின் மூக்கில், ரேடியேட்டர் மூடியின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு, முன்னும் பின்னும் கண்ணாடி போட்ட ஒரு வட்டம் நிற்கும். அதுதான் சூட்டு மீட்டர். உள்ளே நூல் போல ஒரு குழாய். எஞ்சின் சூடேற ஏற அதில் சிவப்பு மேலே ஏறும். உச்சியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஒரு சின்னத் துவாரம். டிரைவர் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். துவாரத்தில் சிவப்புத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். தெரியாவிட்டால் ஓட்டலாம். வேலுவின் மோட்டார் சாஸ்திரம் இவ்வளவுதான். ஆனால் அதை அவன் வேதமாக வைத்திருந்தான்.

கெந்திங் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவு திரும்பியதும் கிழக்கு வெயில் நேர் எதிரே அடித்தது. வேலு காரை ஓரம் கட்டிவிட்டான்.

“என்னடா?”

“செவப்பு, ராவுத்தரே.”

பார்த்தேன். துவாரத்தில் சிவப்பு, குத்துவிளக்குத் திரி போல எரிந்துகொண்டிருந்தது.

“ஆறட்டும்,” என்றான். “கால் மணி நேரம்.”

மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவன் சட்டைக் கையைச் சுருட்டி முன்கையைக் காட்டினான். முழங்கை வரை தோல் வெந்து சுருங்கிய தழும்பு. சூட்டில் திறந்தால் தண்ணீர் முகத்துக்கே வரும் என்றான். பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஏற்றம் ஏறிய எந்த எஞ்சின்தான் குளிர்ந்திருக்கும்? சூட்டுக்கும் அதிகச் சூட்டுக்கும் வித்தியாசம் சொல்ல என் கைக்குத் தெரியாது. மஞ்சளில் மாவு கலந்திருந்தால் சொல்லிவிடும்.

கால் மணி ஆயிற்று. சிவப்பு இறங்கவில்லை. அரை மணி ஆயிற்று. வேலு கீழே ஓடையிலிருந்து தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டர் மேல் கொட்டினான். புஸ் என்றது. சிவப்பு அசையவில்லை.

புஷ்பவள்ளி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையால் கீழே இறக்கிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

“எறங்குதாண்ணே?”

“எறங்கும் தங்கச்சி.”

“கொஞ்சம் எறங்கின மாதிரி இல்ல?”

“இல்லியே.”

“நடந்தே போயிரட்டா?”

“டவுனுக்கா? பொழுது சாஞ்சு போய்ச் சேருவே.”

அந்தச் சாலையில் வேறு வண்டியும் வரவில்லை. ஒரு மாட்டு வண்டி மட்டும் எதிரே இறங்கி வந்தது. வண்டிக்காரர் வேலுவைப் பார்த்து, “என்ன தம்பி, மாடு படுத்துக்கிச்சா?” என்று கேட்டுவிட்டுச் சாவகாசமாகப் போனார். வேலுவின் முகத்தைப் பார்த்தால் மாட்டை நினைத்துக்கொண்டது போலத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் அவனுக்கு ஒரு யோசனை. உள்ளே இருக்கும் கொதிநீரை எல்லாம் வெளியே விட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர் நிரப்பிவிட்டால்? ரேடியேட்டரின் அடியில் சின்னதாக ஒரு குழாய் இருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அதைத் திறந்தான். தண்ணீர் ஓடிற்று, தரையில் பட்டு ஆவிகூட எழவில்லை. அதை நாங்கள் பார்த்தோம். பார்த்ததற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியவில்லை. வானம் அதற்குள் கறுத்துவிட்டிருந்தது. குழாயை மூடிவிட்டு அவன் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது.

“செவப்பு போயிருச்சு!” என்று காருக்குள் இருந்து புஷ்பவள்ளி கத்தினாள்.

துவாரம் கருப்பாக இருந்தது. வேலு மழையில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி முன்பக்கம் போனேன். அங்கே மூடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து, ரேடியேட்டர் முகமெல்லாம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி ரத்தம் என்றே நினைத்தேன். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசம். நல்லெண்ணெய்.

“டேய் வேலு. நேத்து என்ன நாள்?”

“ஆயுத பூசை.”

“காருக்குப் பொட்டு வச்சியா?”

“வைக்காமலா? நல்லம்மா எண்ணெயில கொழச்சுக் கொடுத்தா. வெளக்கு ரெண்டுக்கும் சந்தனம். நெத்தியில...” அவன் அந்தக் கண்ணாடி வட்டத்தைக் காட்டினான். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு விளக்கும் கண்; அவற்றுக்கு மேலே நடுவாக நிற்கிற வட்டம் நெற்றியாகாமல் வேறென்ன? வட்டத்தின் முன்பக்கக் கண்ணாடியில் வைத்த பொட்டு, எதிர்வெயில் பட்டதும் பின்னால் இருந்த துவாரத்தின் வழியாகச் சிவப்பாக எரிந்திருக்கிறது. கொதிக்காத காரை ஆறவைக்க மலைமேல் தவம் கிடந்திருக்கிறோம்.

“கும்பிட்ட சாமிதான் நிறுத்தி வச்சிருக்கு,” என்றேன்.

“ராவுத்தரே, சிரிக்காதீங்க லா,” என்றான் அவன். ஆனால் அவனும் சிரித்தான். புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. “போலாம்ணே, போலாம்ணே,” என்றாள். வேலு கைப்பிடியைச் சுற்றினான். ஒருமுறை நின்றுவிட்டால் அந்த எஞ்சின் சுலபத்தில் கிளம்புகிற ஜாதியல்ல. மூச்சு வாங்கி, கெட்ட வார்த்தை சொல்லி, அந்த வார்த்தைக்குப் புஷ்பவள்ளியிடம் மன்னிப்புக் கேட்டு, அவன் மறுபடி சுற்றியபின் ஒருவழியாக அதற்கு உயிர் வந்தது. அடியில் இருந்த குழாயை அவசரத்தில் அவன் முழுக்க மூடியிருக்கவில்லை. யாருக்குத் தெரியும்? அந்த மழையில் எல்லாமேதான் சொட்டிக்கொண்டிருந்தது.

இறக்கம் இறங்கினோம். தெலுக் கும்பாரில் மழை விட்டது. பாயான் லெப்பாஸ் தாண்டி நேர்ச்சாலையில் கார் பறந்தது. புஷ்பவள்ளி முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்து, தம்பிக்குக் கொண்டுவந்த வறுகடலைப் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் வேலு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ராவுத்தரே, இது எந்தச் செவப்பு?”

துவாரத்தில் மறுபடியும் சிவப்பு. வெயிலும் வந்திருந்தது.

“குங்குமம்தாண்ணே,” என்றாள் பின்னாலிருந்து புஷ்பவள்ளி. “மழையில பாதிதான் போயிருக்கும்.”

“நல்லம்மா எந்தக் கடையில வாங்கினா?” என்று கேட்டேன்.

“உங்க கடையிலதான்.”

அது உயர்ந்த சரக்கு. சாயம் போகாது என்று சத்தியம் செய்து விற்போம். வியாபாரத்தில் ஆயிரம் சத்தியம். அன்றைக்குப் பார்த்து அது உண்மையாக இருந்து தொலைத்தால்?

“நிறுத்தித் தொடச்சுப் பாத்துரட்டுமா?” என்றான் வேலு.

“நிறுத்தினாக் கெளம்புமா?” என்று அவள் கேட்டாள்.

நிறுத்தினால் கப்பல் போய்விடலாம். நிறுத்தாவிட்டால் எஞ்சின் போய்விடலாம். இரண்டு பக்கமும் நஷ்டம் உள்ள சரக்கை நான் கையால் தொடுவதில்லை. ஆனால் அதற்குள்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

என் கைத்தடியின் நுனியில் கைக்குட்டையைக் கட்டினேன். ஓடுகிற காரின் படிக்கட்டில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பானெட்டுக்கு மேலாக எட்டித் துடைத்தேன். தொப்பி பறந்து போயிற்று. சுங்கை நிபோங் பிள்ளைகள் கைதட்டினார்கள். எவ்வளவு எட்டினாலும் எனக்கு அகப்பட்டது கண்ணாடியின் பின்பக்கம்தான். நன்றாகத் தேய்த்தேன்.

“போச்சா?”

“போகல.”

“அப்பச் சரி,” என்றேன் உள்ளே வந்து. “பின்னால தொடச்சும் போகலேன்னா முன்னால இருக்கு. குங்குமம்தான். ஓட்டு.”

எவ்வளவு நேர்த்தியான நியாயம். கோர்ட்டில்கூட நின்றிருக்கும்.

கெலுகோரில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும்போது தீய்ந்த வாசம் அடித்தது. “மட்டை எரிக்கிறாங்க,” என்றான் வேலு. ஆமாம், ஆமாம் என்றோம். எங்கும் புகையைக் காணவில்லை. சுங்கை பினாங் பாலம் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ உரலில் இடித்தார்கள். பிறகு இடி நின்றது. பிறகு எல்லாமே நின்றது.

வேலு இறங்கி, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தான். பயப்பட எதுவும் இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. குனிந்து அடியில் பார்த்தான். குழாயின் வாயில் கடைசிச் சொட்டு ஒன்று விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து வந்து, கண்ணாடியின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தான். குங்குமம் விரலோடு வந்தது.

சிவப்பு அப்படியே உள்ளே நின்றது.

மீட்டரில் இருந்த பழுது அந்த விநாடியில்தான் தீர்ந்தது. இனி அது உண்மையை மட்டுமே சொல்லும், சொல்வதற்கு எஞ்சின் இருந்தால்.

“நீங்க போங்க ராவுத்தரே,” என்றான் வேலு காரைப் பார்த்தபடியே. “தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. மூட்டைய நான் பாத்துக்கறேன்.” பாலத்தின் ஓரம் குந்தி, குங்குமக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். என் கடைக் குங்குமம். போகவில்லை.

இரண்டு ரிக்‌ஷா பிடித்தோம். துறைக்குப் போனபோது ஆட்களை உட்கார வைத்த இடத்தில் வாழையிலைத் துண்டுகளும் வெற்றிலைச் சாறும்தான் கிடந்தன. கப்பல் இன்னும் கிளம்பவில்லை. கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டு, புகை விட்டுக்கொண்டிருந்தது. படிக்கட்டு ஓரம் அப்துல் ஹமீது என்ற மலாய்க்காரரின் சாம்பான். கப்பல் வரைக்கும் போய்வர இரண்டு வெள்ளி என்றார். சரி என்றேன். அவர் துடுப்பைத் தொடாமல் என்னையே பார்த்தார். சூலியா தெரு ராவுத்தர் ஒருவர் கேட்ட விலைக்குச் சரி என்று சொல்லி அவர் கண்டதில்லை. நாணயத்தைக் கல்லில் தட்டிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் படகு நகர்ந்தது.

கிட்டே போகப் போகக் கப்பல் சுவராகிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் மேல்தட்டுக் கம்பி நெடுகத் தலைகள். எல்லாம் கறுத்த தலைகள், எல்லோருக்கும் மீசை, எல்லோர் தோளிலும் தோட்டத்தில் கொடுத்த அதே போர்வை. புஷ்பவள்ளி சாம்பானில் எழுந்து நின்றாள். நான் அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“அய்யாக்கண்ணு!” என்று கத்தினாள். “டேய் அய்யாக்கண்ணு!”

ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்தக் கோடியில் நாலைந்து. கரையிலிருந்து யாரோ பெண்பிள்ளை தேடி வந்து கூப்பிடுகிறாள் என்றால் எவன்தான் கையைத் தூக்கமாட்டான்? கொஞ்ச நேரத்தில் கம்பி நெடுகக் கைகள். எல்லாக் கைகளும் ஆடின. சில வாய்கள் அக்கா என்றன. சில, வேறு பெயர்களைச் சொல்லி விசாரித்தன. கப்பல் ஊதியதில் அதுவும் கேட்கவில்லை.

“எதுண்ணே?” என்று என்னைக் கேட்டாள். “எந்தக் கை?”

காலையிலிருந்து என்னிடம் இரண்டாவது முறையாக அந்தக் கேள்வி வந்திருந்தது. இம்முறை நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அவள் எல்லாக் கைகளுக்கும் கையாட்டினாள். வறுகடலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். நங்கூரம் ஏறியது. அப்துல் ஹமீது, அலை வரும் என்று படகைத் திருப்பிவிட்டார்.

கரை வந்தபோது அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு வெள்ளியையும் என் கையில் வைத்தாள்.

“வேலு அண்ணன்கிட்டக் கொடுத்துருங்க.”

“பாத்தாத்தான் ஆறுன்னு பேச்சு,” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாததால் சொன்னேன்.

“அத்தன கையில ஒண்ணு அவன் கைதானேண்ணே. பாத்துட்டேன்.”

கணக்கு இதுதான். கார் வாடகை ஆறு வெள்ளி: கொடுத்தாயிற்று. சாம்பான் இரண்டு வெள்ளி, ரிக்‌ஷா இரண்டுக்கும் அறுபது காசு: கொடுத்தாயிற்று. எஞ்சின் ஒன்று: வேலுவின் பற்று. தொப்பி ஒன்று: என் பற்று. வரவில், கை ஒன்று. ஆள் பெயர் தெரியாததால் யார் பேரிலும் ஏற்றாமல் நிற்கிறது.